துடிக்கும் சிவப்பு ராட்சத விண்மீன் மீரா: கண்டுபிடிப்பது முதல் ஒளி வளைவு வரைவது வரை

சீட்டஸ் எனப்படும் திமிங்கில விண்மீன் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. சில மாதங்களில் அங்கே வெறும் கண்ணுக்கே தெரியும்படி ஒரு செம்மஞ்சள் விண்மீன் நிற்கும். வேறு சில மாதங்களில் பைனாகுலரை வைத்துத் தேடினாலும் பிடிபடாது. அது எங்கும் போய்விடவில்லை, மங்கிக் கிடக்கிறது, மறுபடி எழும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 332 நாள் ஆகும். ஓமிக்ரான் சீட்டி என்று பட்டியல்களில் இருக்கும் இதைத்தான் மீரா என்கிறோம்.

இதை ஒருமுறை பார்த்துவிட்டு "பார்த்தாச்சு" என்று நகர்வதில் பெரிய பயன் இல்லை. ஒரு சுற்று முழுக்கத் தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு முறையும் அதன் பொலிவுக்கு ஓர் எண் எழுதி, கடைசியில் அந்த எண்களை ஒரு வளைவாக வரைவதுதான் இங்கே நம் இலக்கு. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். போன வாரம் என்ன எண் எழுதினோம் என்பதை மறந்துவிட்டு இன்றைக்கு இருப்பதை மட்டும் பார்க்கும் பழக்கம் வேண்டும். கருவி வாங்குவதைவிட அது கடினம் என்பது என் கருத்து.

முதலில், அது ஏன் மாறுகிறது?

சூரியனைப் போன்ற விண்மீன்கள் மையத்திலுள்ள ஹைட்ரஜனை எரித்து முடித்ததும் ஊதிப் பெருக்கின்றன. அந்த முதுமையின் கடைசிக் கட்டங்களில் ஒன்றில் இருக்கிறது மீரா. ஆரம் சூரியனைப் போல 300 மடங்குக்கு மேல்; மேற்பரப்பு வெப்பநிலை 3,000 கெல்வின் அளவில்தான். சுமார் 300 ஒளியாண்டு தொலைவு. இன்னும் 500 கோடி ஆண்டு கழித்துச் சூரியனும் இந்த வழியில்தான் போகும்.

இத்தனை பெரிய உடம்பு அசையாமல் நிற்பதில்லை, துடிக்கிறது. வெளி அடுக்குகளில் ஹைட்ரஜன் அயனியாகும் ஒரு பகுதி உண்டு. அந்த அடுக்கு அமுங்கும்போது ஒளியை வெளியே விடாமல் தடுக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்து ஆறியதும் தடை குறைந்து, சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேறுகிறது. அடுக்கு திரும்ப விழுகிறது. கொதிக்கும் பானையின் மூடி எழுந்து எழுந்து விழுவது போலத்தான். வெப்பச்சலனமும் இதில் கலந்துகொள்வதால் நுணுக்கங்கள் சிக்கலானவை, ஆனால் அடிப்படை இதுதான்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. மீரா வெளிவிடும் மொத்த ஆற்றல் ஒரு சுற்றில் இரண்டு மூன்று மடங்கு அளவில்தான் மாறுகிறது. நம் கண்ணுக்கோ நூற்றுக்கணக்கான மடங்கு மாறுவதாகத் தெரிகிறது. காரணம் இரண்டு. விண்மீன் குளிரும்போது அதன் ஒளியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடுகிறது. அதோடு, குளிர்ந்த வளிமண்டலத்தில் டைட்டானியம் ஆக்சைடு போன்ற மூலக்கூறுகள் பெருகி, மிச்சமிருக்கும் கண்ணுறு ஒளியையும் விழுங்கிவிடுகின்றன. ஆகவே "மீரா அணைந்துவிட்டது" என்று தோன்றும் நாட்களிலும் அகச்சிவப்பில் அது வானத்தின் மிகப் பிரகாசமான பொருட்களில் ஒன்றாகவே இருக்கும். சூடாக இருக்கும் கட்டத்தில் மூலக்கூறுகள் சிதைந்து திரை விலகுகிறது. நாம் அதை உச்சம் என்கிறோம்.

பொலிவெண் கணக்கு

விண்மீன்களின் பிரகாசத்தைப் பொலிவெண்ணால் சொல்கிறோம். எண் சிறிதானால் பிரகாசம் அதிகம். 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. 1 எண் என்றால் சுமார் 2.5 மடங்கு. நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கு 6 வரை தெரியும். 7×50 அல்லது 10×50 பைனாகுலரில் 9 வரை போகலாம்.

மீராவின் வழக்கமான உச்சம் 3 அல்லது 4-ஐ ஒட்டியும், தாழ்வு 9-ஐ ஒட்டியும் இருக்கும். ஆனால் எந்த உச்சமும் முந்தையதைப் போல இருப்பதில்லை. சில முறை 2-ஐ எட்டும். சில முறை 5-ஐத் தாண்டவே திணறும். 1779-ல் வில்லியம் ஹெர்ஷல் பார்த்தபோது ஏறக்குறைய ரோகிணி அளவுக்கு ஒளிர்ந்ததாகப் பதிவு இருக்கிறது. அடுத்த உச்சம் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றையும் யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

படி 1: எந்த மாதத்தில் தொடங்குவது

மீரா வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) மூன்று பாகை தெற்கே மட்டும் இருப்பதால் பூமியில் மக்கள் வாழும் எல்லா இடங்களிலிருந்தும் தெரியும். ஜூலையில் விடியற்காலைக் கிழக்கு வானில் தோன்றும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நள்ளிரவில் உச்சியைக் கடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மாலை மேற்கில் தாழ்ந்துவிடும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை சூரியனின் வெளிச்சத்தில் மறைந்திருக்கும்.

சுற்று 332 நாள், ஆண்டு 365 நாள். அதனால் உச்சம் ஒவ்வோர் ஆண்டும் சுமார் ஒரு மாதம் முன்னால் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினொரு சுற்று சேர்ந்தால் கிட்டத்தட்ட சரியாகப் பத்து ஆண்டு. ஆக, பத்தாண்டில் பதினொரு உச்சங்கள். அவற்றில் இரண்டு மூன்று சூரியனின் பின்னால் போய்விடும். இந்த ஆண்டின் உச்சம் எப்போது என்று தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால், உச்சத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம் முன்னால் தொடங்குவது நல்லது. ஏற்றம் வேகமானது, மூன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். இறக்கம் மெதுவாக ஏழு மாதத்துக்கு மேல் இழுக்கும். ஏற்றத்தில் வாரத்துக்கு வாரம் மாற்றம் தெரிவதால் ஆர்வம் குறையாது.

படி 2: வரைபடம் எடுத்துக்கொள்வது

மாறும் விண்மீன்களைக் கண்காணிக்க 1911-ல் தொடங்கப்பட்ட ஏ.ஏ.வி.எஸ்.ஓ என்ற அமெரிக்க அமைப்பு, உலகம் முழுவதும் பார்வையாளர்கள் அனுப்பும் மதிப்பீடுகளைச் சேர்த்து வைக்கிறது. இதுவரை பல கோடி மதிப்பீடுகள். அதன் தளத்தில் விண்மீனின் பெயரைக் கொடுத்தால் வரைபடம் தயாரித்துத் தரும். இரண்டு எடுங்கள்: வெறும் கண்ணுக்கு அகன்ற பரப்பைக் காட்டும் ஒன்று, பைனாகுலருக்கு நெருக்கமான ஒன்று.

வரைபடத்தில் சில விண்மீன்களின் அருகில் 35, 41, 55 என எண்கள் இருக்கும். அவை 3.5, 4.1, 5.5 என்ற பொலிவெண்கள். தசமப் புள்ளியை விண்மீன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். இவைதான் ஒப்பீட்டு விண்மீன்கள். வேறு செயலியில் வேறு எண் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்; எல்லோரும் ஒரே எண்களை வைத்து அளந்தால்தான் ஒருவர் மதிப்பீட்டை இன்னொருவருடையதோடு சேர்க்க முடியும். மூலையில் இருக்கும் வரைபட அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள், பதிவின்போது கேட்பார்கள்.

படி 3: இடத்தைப் பிடிப்பது

திமிங்கிலத்தின் தலைப்பகுதியில் இருக்கும் பிரகாசமான விண்மீன் மென்கார். அதைப் பிடிக்க எளிய வழி ஒரு முக்கோணம். கார்த்திகைக் கூட்டம், மேஷத்தின் பிரகாசமான விண்மீனான ஹமால், மென்கார் ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரு சமபக்க முக்கோணம். ஒவ்வொரு பக்கமும் 23 பாகை அளவு. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய அவ்வளவு தூரம் வரும். கார்த்திகையும் ஹமாலும் அடித்தளம். அதற்குத் தெற்கே உள்ள மூன்றாவது முனை மென்கார். அதுவும் ஒரு சிவப்பு ராட்சத விண்மீன்தான். நிறத்தைப் பார்த்து வையுங்கள்.

மென்காரிலிருந்து மேற்கே சற்று நகர்ந்தால் 3.5 பொலிவெண்ணில் காமா சீட்டி. அதற்குக் கொஞ்சம் தெற்கே 4.1-ல் டெல்டா சீட்டி. மென்காரிலிருந்து காமா வழியாக டெல்டாவுக்கு வந்து, அங்கிருந்து தென்மேற்கே ஆறு பாகை போனால் மீராவின் இடம். பைனாகுலரின் பார்வைப் புலம் பெரும்பாலும் ஆறேழு பாகை என்பதால், டெல்டாவை ஓர் ஓரத்தில் வைத்தால் மறு ஓரத்தில் மீரா வரும்.

உச்சத்தை ஒட்டிய மூன்று நான்கு மாதங்களில் இது சுலபம். மங்கிய காலத்தில்தான் சிக்கல். மீராவை ஒட்டியே ஒன்பதாம் பொலிவெண்ணில் ஒரு சாதாரண விண்மீன் இருக்கிறது. அதைப் பார்த்து "மீரா தெரிகிறது" என்று எழுதியவர்கள் நிறைய. சந்தேகம் வந்தால் நெருக்கமான வரைபடத்தைத் திறந்து, சுற்றியுள்ள விண்மீன்களின் வடிவத்தை ஒன்றுவிடாமல் சரிபாருங்கள். தொலைநோக்கியில் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 4: மதிப்பிடுவது

வெளியே வந்ததும் பார்க்கத் தொடங்க வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். கைபேசியை ஒருமுறை பார்த்தால் போதும், அத்தனையும் வீண். வரைபடத்தைப் படிக்க மங்கலான சிவப்பு விளக்கு போதும்.

இப்போது மீராவைவிடச் சற்றுப் பிரகாசமான ஓர் ஒப்பீட்டு விண்மீனையும், சற்று மங்கிய ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். மீரா இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று முடிவு செய்வதுதான் மொத்த வேலையும். உதாரணமாக காமா 3.5, டெல்டா 4.1, இடைவெளி 0.6. காமாவிலிருந்து டெல்டாவை நோக்கி மூன்றில் ஒரு பங்கு மங்கியிருப்பதாகத் தோன்றினால் 3.5-உடன் 0.2 சேர்த்து 3.7. சரிபாதி என்றால் 3.8. அவ்வளவுதான். எண்ணை ஒரு தசம இடத்துக்கு மேல் எழுதாதீர்கள். கண்ணுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. அனுபவம் உள்ளவர்களுக்கே 0.2, 0.3 வித்தியாசம் வருவது சகஜம். மீரா ஒரு சுற்றில் ஐந்து ஆறு எண் மாறுவதால் இந்தப் பிழை வளைவைக் கெடுத்துவிடாது. தொடக்கக்காரர்களுக்கு இதைவிடப் பெருந்தன்மையான விண்மீன் இல்லை.

ஒப்பீட்டு விண்மீன்களும் மீராவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. அடிவானத்துக்கு அருகில் காற்று அதிக ஒளியை உறிஞ்சும். தாழ்ந்திருக்கும் விண்மீன் உண்மையில் இருப்பதைவிட மங்கலாகத் தெரியும். மீரா மிகப் பிரகாசமாகி, பக்கத்தில் ஒப்பிட ஆளில்லாமல் மென்காரையோ ஹமாலையோ தேட வேண்டி வரும் நாட்களில் இது முக்கியம். மெல்லிய மேகம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மீரா தெரியவே இல்லையா? அதுவும் ஒரு மதிப்பீடுதான். அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிந்த மிக மங்கிய ஒப்பீட்டு விண்மீன் எது என்று பாருங்கள். அது 8.0 என்றால் "8.0-ஐவிட மங்கல்" என்று பதியுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் ஆராய்ச்சியாளருக்கு உண்மையாகவே பயன்படும்.

படி 5: சிவப்பு நிறம் தரும் தொல்லைகள்

சிவப்பு விண்மீனை மதிப்பிடுவது வெள்ளை விண்மீனை மதிப்பிடுவதைப் போல அல்ல. முதல் தொல்லை, முறைத்துப் பார்த்தால் அது பிரகாசமாகிக்கொண்டே போவதுபோலத் தோன்றும். ஒளி சேரச் சேர அப்படி ஒரு மயக்கம். மீராவையும் ஒப்பீட்டு விண்மீனையும் மாறிமாறி, ஒரு விநாடி இரண்டு விநாடி மட்டும் பாருங்கள். கண்ணை எதன் மீதும் நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, குறைந்த வெளிச்சத்தில் நம் கண் நீல ஒளிக்கு அதிக உணர்வும் சிவப்புக்குக் குறைந்த உணர்வும் காட்டும். வெளிச்சம் கூடினால் நிலைமை மாறும். இதனால் ஒரே இரவில், பெரிய தொலைநோக்கியில் பார்த்தவருக்கு மீரா கூடுதல் பிரகாசமாகவும் வெறும் கண்ணால் பார்த்தவருக்குக் கொஞ்சம் மங்கலாகவும் தெரியக்கூடும். தீர்வு எளியது: விண்மீன் சிரமமில்லாமல் தெரியும் மிகச் சிறிய கருவியைப் பயன்படுத்துங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போது பைனாகுலரைக் கையில் எடுக்காதீர்கள். பைனாகுலரில் நன்றாகத் தெரியும்வரை தொலைநோக்கி வேண்டாம்.

பைனாகுலரில் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் பார்ப்பதும் உதவும். புள்ளி விரிந்து சிறு வட்டாகும். நிறத்தின் கவர்ச்சி குறைந்து பரப்பின் வெளிச்சத்தை ஒப்பிடச் சுலபமாகும். மங்கிய காலத்தில் இதைச் செய்ய முடியாது.

மூன்றாவது தொல்லை கண்ணில் இல்லை, மனதில் இருக்கிறது. போன வாரம் 4.2 எழுதியிருந்தால் இன்றைக்கு 3.9-ஆவது இருக்க வேண்டும் என்று மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிடும். அதனால் பழைய பதிவேட்டைத் திறக்காமல் அளவிடுங்கள். மற்றவர்கள் அன்றைக்கு என்ன பதிந்திருக்கிறார்கள் என்று முன்கூட்டிப் பார்க்கவே கூடாது. தினமும் அளப்பதும் இதே காரணத்தால் தவறு. நேற்றைய எண் ஞாபகத்தில் இருக்கும், விண்மீனோ ஒரு நாளில் பெரிதாக மாறியிருக்காது. ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை போதும்.

படி 6: பதிவு

நாள், நேரம், பொலிவெண், பயன்படுத்திய இரண்டு ஒப்பீட்டு விண்மீன்கள், வரைபட எண், கருவி, வானத்தின் நிலை. இவ்வளவையும் அங்கேயே, அப்போதே எழுதுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் குறிக்க வேண்டும்.

மாறும் விண்மீன் துறையில் தேதிக்குப் பதில் ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணைப் பயன்படுத்துவார்கள். மாதம், ஆண்டு எதுவும் இல்லாத ஒரே எண்ணிக்கை; இரண்டு பார்வைகளுக்கு இடையே எத்தனை நாள் என்பதை ஒரு கழித்தலில் சொல்லிவிடலாம். 2023 பிப்ரவரி 24 நண்பகல் உலக நேரம் 24,60,000 ஆக இருந்தது. நள்ளிரவில் அல்ல, நண்பகலில் நாள் மாறுவதால் ஐரோப்பாவில் ஓர் இரவின் பார்வைகள் இரண்டு எண்களாக உடையாது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன, ஏ.ஏ.வி.எஸ்.ஓ-வில் பதியும்போது சாதாரண தேதியும் ஏற்றுக்கொள்ளப்படும். உறுப்பினர் ஆகாமலே கணக்குத் தொடங்கி, பார்வையாளர் குறியீடு பெற்று அனுப்பலாம்.

படி 7: ஒளி வளைவு

சில மாதப் பதிவுகள் சேர்ந்ததும் வரையத் தொடங்கலாம். கிடைமட்டத்தில் நாள், செங்குத்தில் பொலிவெண். சிறிய எண் மேலே வரவேண்டும். புள்ளிகளைக் கோணல்மாணலாக இணைக்காமல், நடுவே ஒரு மென்மையான வளைவு ஓட்டுங்கள்.

உச்ச நாளைக் கண்டுபிடிக்க, மிக உயரமான புள்ளியைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. அது அன்றைய உங்கள் பிழையாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் நார்மன் போக்சனின் பெயரால் வழங்கும் பழைய முறை ஒன்று உண்டு. ஏறும் பக்கத்தையும் இறங்கும் பக்கத்தையும் இணைத்து வெவ்வேறு உயரங்களில் கிடைக்கோடுகள் வரையுங்கள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் குறித்து, அந்தப் புள்ளிகள் வழியே ஒரு கோட்டை மேலே நீட்டுங்கள். அது வளைவை வெட்டும் இடமே உச்சம். ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் சாய்வாகவும் இருப்பதால் அந்தக் கோடு சாய்ந்தே போகும், பதற வேண்டாம்.

அடுத்த சுற்றின் உச்சத்தையும் பிடித்துவிட்டால் கழித்துப் பாருங்கள். 332 வராது. சில நாள், சில வாரம்கூட முன்பின் இருக்கலாம்; 332 என்பது நீண்ட கால சராசரி. 1596-ல் ஜெர்மனியின் டேவிட் ஃபாப்ரிசியுஸ் ஒரு கோளின் இடத்தை அளக்கப் பக்கத்து விண்மீனாக இதைப் பயன்படுத்தினார். சில வாரங்களில் அது மங்கி மறைய, புது விண்மீன் ஒன்று தோன்றி அழிந்ததாக நினைத்தார். 1609-ல் அதே இடத்தில் மறுபடி பார்த்தார். 1638-ல் வானியலாளர் ஹோல்வார்டாதான் இது முறையாகத் திரும்பி வருகிறது என்று காட்டினார். ஹெவேலியுஸ் 1662-ல் மீரா என்று பெயரிட்டார். 1667-ல் இஸ்மாயேல் புல்லியோ சுற்றை 333 நாள் என்று கணக்கிட்டார். தொலைநோக்கியே புதிதாக இருந்த காலத்தில் ஒரே ஒரு நாள் வித்தியாசம்.

மீராவுக்கு ஒரு துணையும் உண்டு. 1923-ல் ராபர்ட் ஐட்கன் கண்டுபிடித்த அது பெரும்பாலும் ஒரு வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்த விண்மீனின் சுருங்கிய மிச்சம். மீரா உதறும் வாயுவை அள்ளிக்கொள்கிறது. நம் பைனாகுலரில் தனியாகத் தெரியாது. 2007-ல் கேலெக்ஸ் புறஊதா விண்கலம் மீராவுக்குப் பின்னால் 13 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு வாலைக் கண்டது. விநாடிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் விண்மீன் சுமார் 30,000 ஆண்டுகளாக உதிர்த்த பொருள் அது. அதுவும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொருளை வெளியே தள்ள உதவும் துடிப்பைத்தான் நீங்கள் வரைந்துகொண்டிருக்கிறீர்கள்.

கேமரா வைத்திருந்தால், முக்காலியில் வைத்துப் படமெடுத்து, பச்சை நிறத் தரவை மட்டும் பிரித்து அளக்கலாம். கண்ணைவிடத் துல்லியம் கிடைக்கும். ஆனால் முதல் சுற்றைக் கண்ணாலேயே முடியுங்கள்.

மீரா இல்லாத மாதங்களுக்கு

ஏப்ரல், மே மாதங்களில் மீரா கிடைக்காது. அப்போது மாலை வானில் மகம் விண்மீனுக்கு மேற்கே ஐந்து பாகையில் ஆர் லியோனிஸ் இருக்கிறது. இதன் சுற்று 310 நாள். உச்சத்தில் 5-ஐ ஒட்டி வரும், தாழ்வில் 11-ஐத் தொடும். அடுத்து, ஜூன் முதல் நவம்பர் வரை அன்னம் விண்மீன் குழுவில் கை சிக்னி. சுற்று 408 நாள். பதிவான எல்லைகள் 3.3 முதல் 14.2 வரை, அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல் மாற்றம். தாழ்வில் இதைப் பிடிக்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு ஆர் கரினே நல்ல தேர்வு. 309 நாள், உச்சத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

இன்னும் பொறுமை இருந்தால் ஆர் ஹைட்ரேவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1700-களின் தொடக்கத்தில் அதன் சுற்று சுமார் 500 நாள். 1950-க்குள் 390-க்கும் கீழே வந்துவிட்டது. விண்மீனின் உள்ளே ஹீலியம் அடுக்கு திடீரென எரிந்ததன் பின்விளைவு என்பது ஒரு விளக்கம். இப்போதைக்கு நின்றிருக்கும் அந்தக் குறைவு மறுபடி தொடங்குகிறதா என்று பார்க்க உச்ச நாட்கள் தேவை. ஆர் ஹைட்ரேவின் உச்சம் 4 அல்லது 5 பொலிவெண்ணில் இருக்கும் என்பதால், அந்த நாட்களைக் குறிக்க உங்கள் பைனாகுலரே போதும்.